கசியாத வெளிச்சம்

எழுபதுகளில் தூத்துக்குடிக் கரையோரத் தருவைகுளத்தில் வளர்ந்தவர்களுக்கு மெட்ராஸ் வெகுதூரம், கொழும்பு ரொம்பப் பக்கம். திருநெல்வேலியில் நம் வானொலி நிலையம் இருந்தும், எங்கள் தெரு டிரான்சிஸ்டர்களின் முள் போய் நின்ற இடம் என்னவோ இலங்கை வானொலிதான். அதன் அறிவிப்பாளர்களில் மயில்வாகனம் பேசியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டோம், கே.எஸ்.ராஜாவை நாங்களே கேட்டு அவரைப்போல மூச்சுவிடாமல் பேசிப் பார்த்தோம், அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தினால் வலை பின்னிக்கொண்டிருக்கும் கைகளும் சற்று நின்று, அவர் கொடுத்த எழுத்தில் எந்தப் பாட்டு என்று மண்டையைக் குடைந்துகொண்டு, பிறகு மெதுவாக மறுபடி ஊசியைப் பிடிக்கும். மத்திய அலை ஒலிபரப்பு உப்புத் தண்ணீரின் மேல் நிலத்தைவிடக் குறைவாகத்தான் தேயும், கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதே காரணம் என்று பின்னால் படித்தேன். அப்போது அதெல்லாம் தெரியாது. கடல் எங்களுக்குப் பாட்டும் தருகிறது என்று மட்டும் தெரியும். கடலோரத்தில் வளர்ந்த உங்களுக்கும் அப்படியொரு நிலையம் இருந்திருக்கும்.

கேட்பது அத்தனை சுலபம், பேசுவதுதான் பாடு. சித்தப்பா கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கடிதம் தபாலில் வரும், சில சமயம் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் சட்டைப்பையிலும் வரும், கூடவே ஒரு வாசனை சோப்பும் இருக்கும். அவசரம் என்றால் தபாலாபீசில் டிரங்க் கால் பதிய வேண்டும். பதிந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தால், வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகரும்வரை காத்திருக்க வேண்டும், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே யார் வீட்டில் கல்யாணம், யார் மகனுக்கு வேலை என்று ஊர் முழுக்கத் தெரிந்துகொள்ளலாம், கடைசியில் இணைப்புக் கிடைத்தால் அம்மா என் முதுகில் தட்டி, “சத்தமாப் பேசுல, கடலு தாண்டிப் போவணும்லா” என்பாள். நானும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவேன். அந்தக் கத்தலில் ஒரு சந்தோஷம் இருந்தது. தூரத்தைத் தொண்டையால் தள்ளிக் கடந்துவிட்டோம் என்று ஒரு பையனுக்குத் தோன்றினால் அது சின்ன விஷயமா? எண்பதுகளின் கடைசியில் எஸ்.டி.டி. பூத் வந்தபோதும் அம்மா குரலைத் தணிக்கவில்லை. இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால்பங்கு என்பதால், தூக்கக் கண்ணோடு கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களில் நாங்களும் உண்டு.

இப்போது எங்கள் தெருவில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்பு ஒயர் தொங்குகிறது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுபோகும் அரசுத் திட்டம் ஒருபுறம் நடக்க, கேபிள் டிவிக்காரர்களே வீட்டுக்கு வீடு ஃபைபர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வந்த தம்பி திண்ணையில் துண்டை விரித்து, மேலுறையைச் சீவி, உள்ளிருந்து ஓர் இழையை எடுத்தான். தலைமுடி கனம்தான், மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வெளிச்சம் ஓடும் நடுத்தண்டு அதற்குள்ளும் மெலிசு, ஒரு மில்லிமீட்டருக்குள் நூறுக்கு மேல் அடுக்கலாம். இரண்டு நுனிகளையும் ஒரு சின்ன மெஷினில் எதிரெதிரே வைத்தான், மின்பொறி ஒன்று பளிச்சிட்டுக் கண்ணாடி உருகி ஒட்டியது, எவ்வளவு வெளிச்சம் இழப்பு என்று திரையில் எண் வந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், “அண்ணாச்சி, வெட்டுன துண்டை மிதிச்சிராதிய, காலுல ஏறிரும்” என்றான். வெளிச்சம் என்கிறாயே, ஒன்றும் தெரியவில்லையே என்றேன். “இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். தெரியலன்னு நுனிக்குள்ள எட்டிப் பாத்திராதிய, கண்ணு போயிரும்.” அகச்சிவப்புக் கதிர். அவன் அக்கறையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வளைந்து நெளிந்து போகும் கண்ணாடிக்குள் வெளிச்சம் வெளியே சிந்தாமல் எப்படிப் போகிறது என்பதை என் பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் அவர் பாதியைச் சொல்லியிருப்பார். 1961இல் தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர், அதற்குப் பிறகு வயதாகும்வரை சங்கு குளித்தவர். முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால், தெளிந்த நாளில் தலைக்கு மேலே ஒரு வட்டம் மட்டுமே வானமாகத் தெரியும், வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு முழுக்கக் கண்ணாடியாகிக் கடல்தரையையே திருப்பிக் காட்டும் என்பார். நாங்கள் அதைக் கதை என்று நினைத்தோம். கதையே இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து மேல்நோக்கிப் போகும் கதிர், செங்குத்திலிருந்து ஏறக்குறைய 49 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் காற்றுக்குள் தப்ப முடியாது, மொத்தமும் உள்ளேயே திரும்பிவிடும். முழு அகப் பிரதிபலிப்பு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். இழையின் நடுத்தண்டு, தன்னைச் சுற்றியிருக்கும் கண்ணாடியைவிட ஒளியைச் சற்றே அதிகம் தாமதிக்க வைக்கும் கண்ணாடி. உரசினாற்போல் சாய்ந்து போகும் கதிர் அந்த எல்லையைத் தொட்டதும் உள்ளே திரும்பும், மறுபடி தொடும், மறுபடி திரும்பும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஒளி விழுங்கப்படும். இங்கே திரும்புவதில் இழப்பே கிடையாது.

அந்நாளில் இழப்பில் பெரும்பகுதி கண்ணாடியின் அழுக்கில்தான். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தி 1954இல் எழுதினார். ஆனால் அன்றிருந்த கண்ணாடியில் 20 மீட்டர் போவதற்குள் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகிவிடும். அது கண்ணாடியின் குணமில்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு முதலான மாசுகளின் வேலை, அவற்றை நீக்கினால் ஒரு கிலோமீட்டர் கடந்தும் நூறில் ஒரு பங்கு மிஞ்சும், அது போதும் என்று 1966இல் சார்லஸ் காவோ தன் சகா ஹாக்ஹாமுடன் சேர்ந்து வாதாடினார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். அதாவது பெரியப்பா சங்கு எடுத்துக்கொண்டிருந்த, நான் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், எங்கோ சிலர் உலையில் கண்ணாடியைக் கழுவிக் கழுவித் தெளிய வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போனாலும் பாதி வெளிச்சம் மிஞ்சுகிறது. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்கும் பங்கு கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

2006இல் பி.எஸ்.என்.எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தெற்கே கல்கிசைக்குக் கடலடியில் இழை போட்டன. நீளம் சுமார் 325 கிலோமீட்டர். தண்ணீருக்கடியில் ஒளியைப் பெருக்கும் நிலையம் எதுவும் இல்லாமல் ஒரே வீச்சில் அக்கரை போகும்படி அமைத்தார்கள். 15 கிலோமீட்டருக்குப் பாதி என்று கணக்குப் போட்டால் அக்கரை சேர்வது ஏறக்குறைய 30 லட்சத்தில் ஒரு பங்குதான், அந்தத் துளி வெளிச்சத்தையும் கருவி படித்துவிடுகிறது. நொடிக்கு 4,000 கோடி துடிப்புகளைக் கடத்தும் திறனோடு தொடங்கிய இழை அது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், அம்மா கத்தி அனுப்பிய குரல் இன்று கிசுகிசுப்பாகவே போய், ஒரு நொடியை ஆயிரமாக வகுத்தால் இரண்டு பங்குகூட முடிவதற்குள் கல்கிசையில் இருக்கும்.

அந்தக் கடலடி இழை வந்ததற்குச் சரியாக 100 வருடத்துக்கு முன், 1906இல்தான் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விட்டார். குரலுக்கு வழி கிடைத்த காலத்தில் ஆளுக்கான வழி அடைபட்டுக் கிடந்தது. 2011 ஜூனில் மறுபடி பயணிகள் கப்பல் வந்தபோது ஊரே மகிழ்ந்தது, சில மாதத்தில் அது நின்றுபோனது. வெளிச்சத்துக்கு இரண்டு மில்லிநொடிகூட ஆகாத பயணம் என்றாகிவிட்ட பிறகும், சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போக நாங்கள் விமான நிலையம் தேடிப் போகிறோம்.

எங்கள் ஊர் விசைப்படகுகள் வழிவலை போட்டுச் சூரை பிடிக்கப் பல நாள் தங்கலுக்குப் போகிறவை. தெற்கே போகிற படகு எங்கோ ஓரிடத்தில் அந்த இழைக்கு மேலாகத்தான் கடந்துபோகும். கரையோரத்தில் இரும்புக் கம்பிக் கவசம் போட்டுத்தான் அதைக் காக்கிறார்கள், ஏனென்றால் உலகில் வருடத்துக்கு 150 முதல் 200 வரை நடக்கும் கடலடிக் கேபிள் சேதங்களில் பெரும்பகுதி வலையாலும் நங்கூரத்தாலும் வருகிறது. அப்படிக் கேபிளுக்கு மேலே நிற்கும் படகுக்கு அதிலிருந்து ஒரு துளி செய்தியும் கிடையாது. கசியாமல் இருப்பதுதானே அந்த இழையின் பெருமை. அன்றைய வானொலி அலை யாரையும் கேட்காமல் சிந்திக்கொண்டே போனது, கரையில் வலை பின்னியவனுக்கும் நடுக்கடலில் சோறு பொங்கியவனுக்கும் ஒரே பாட்டு கிடைத்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கரையில் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது, முன்பே ஆழ்கடல் போய்விட்டவர்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை. எங்கள் தெருவில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் படம் தடங்கலில்லாமல் ஓடும், அதே வீட்டுப் பெண் படகு போன நாலாம் நாள் பக்கத்து வீட்டில் போய், அடுத்த படகுக்காரன் வயர்லெஸ்ஸில் ஏதாவது சொன்னானா என்று கேட்பாள்.

2024 ஆகஸ்டில் மத்திய அரசு, நாடு முழுக்க 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. கண்ணாடியால் எட்ட முடியாத இடத்துக்கு மறுபடி சிந்துகிற அலையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அது எங்கள் கரையின் எல்லாப் படகிலும் ஏற வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அதில் பாட்டு வராது, படம் வராது, சின்னச் சின்னச் செய்திகள்தான் போய்வரும். ‘சுகமாயிருக்கோம், நாளைக்குக் கரை’ என்ற அளவுக்கு வந்தால் போதும் என்கிறார்கள் எங்கள் தெருப் பெண்கள்.