தூசுக்கும் காய்ச்சலுக்கும் பதிவுத் திருமணம்

அனுப்புநர்:
மூச்சுவிடும் பழக்கத்தை இன்னும் கைவிடாத ஒருவர்,
மவுண்ட் – பூந்தமல்லி சாலை, காட்டுப்பாக்கம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை – 32.

பொருள்: திருவாளர் தூசு – செல்வி காய்ச்சல் – திருமணத்தைப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்படி இருவரும் எங்கள் ஊரில் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறார்கள். ஊருக்கே தெரியும். அரசாங்கக் கணக்கில் மட்டும் இருவரும் இன்னும் தனிக்கட்டை. மாப்பிள்ளை பெயர் கிண்டியில் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. பெண்ணின் பெயர் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், பொது சுகாதாரத் துறையின் பதிவேட்டில். இரண்டு அலுவலகமும் ஒரே அண்ணா சாலையில்தான். நடுவே மெட்ரோ ரயில்கூட ஓடுகிறது. ஆனாலும் இருவரின் எண்ணும் ஒரே தாளில் அச்சாகி எங்கள் கண்ணில் பட்டதில்லை.

மாப்பிள்ளை வசதியானவர். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் மெட்ரோ தடம் போடத் தோண்டிய மண், அதன்மேல் ஓடிய லாரி, பக்கத்தில் ஊர்ந்த டீசல் வண்டி எல்லாம் அவர் சொத்து. மார்கழியில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே எழாமல் படுத்துக்கொள்ளும்போது அவர் வீட்டைவிட்டு நகரவே மாட்டார். போகியன்று சொந்தபந்தமெல்லாம் வந்து சேரும்.

பெண்ணும் லேசுப்பட்டவள் அல்ல. வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவாக வருவாள். 2023 மார்ச் 10 அன்று அவளை வரவேற்க மாநிலம் முழுக்க 1,000 காய்ச்சல் முகாம்கள் நடந்தன. 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. வைரஸ் என்ற பெயரில் சென்னையில் ஒருவரிடமும் சேலத்தில் ஒருவரிடமும் தலைகாட்டினாள். மாஸ்க் போடுங்கள், கை கழுவுங்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னார்கள். மாப்பிள்ளையை யாரும் விசாரிக்கவில்லை.

இருவரும் சந்தித்த இடம் மூச்சுக்குழாய். அதன் உட்சுவரில் உள்ள நுண்ணிய இழைகள், வந்த கிருமியைச் சளியோடு மேலே தள்ளிவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள் அந்த இழைகளை முடக்குகின்றன. கிருமியை விழுங்க வேண்டிய செல்கள் தூசை விழுங்கியே களைத்துப் போகின்றன. பிறகென்ன, வைரஸ் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வருகிறது.

பதிவுக்குச் சாட்சி கேட்பீர்கள். மூன்று பேர் இருக்கிறார்கள். 2003 சார்ஸ் சமயத்தில் சீனாவில், காற்று மாசு நடுத்தரமாக இருந்த பகுதிகளில் நோயாளி இறக்கும் ஆபத்து, மாசு குறைந்த பகுதிகளைவிட 84 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். 2020இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், நுண்துகளின் நீண்டகாலச் சராசரி ஒரு மைக்ரோகிராம் கூடினால் அமெரிக்க மாவட்டங்களில் கொரோனா இறப்பு 11 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள். இந்த இரு சாட்சிகளும் ஊர்ச் சராசரியைத்தான் பார்த்தார்கள், ஆள் ஆளாகப் பார்க்கவில்லையே என்பீர்கள். நியாயம். ஒரே தெருவில் பார்த்தோம் என்பதற்காகக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

அதனால்தான் மூன்றாமவர். அமெரிக்காவின் யூட்டாவில் சுவாசத் தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற 1,46,397 பேரை ஆள் ஆளாகப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள்ளான குழந்தைகள். தூசு ஏறிய ஒரு வாரத்துக்குள் தொற்று ஏறத் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் உச்சம் தொட்டது.

அந்த மூன்று வாரத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். இன்று தூசு ஏறியதை இன்றே தேனாம்பேட்டைக்குச் சொன்னால், காய்ச்சல் முகாமுக்கு முன்கூட்டியே தேதி குறிக்கலாம். நெபுலைசரும் மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்கும். நோயாளி காத்திருக்க வேண்டாம்.

அதற்கு முதலில் தூசை அளக்க வேண்டும். தினசரிப் பட்டியலில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம் என்று வாசிக்கிறோம். அதில் காட்டுப்பாக்கம் இடம்பெற்று நான் பார்த்ததில்லை. மணலியின் ஜாதகத்தை வைத்து எங்களுக்குப் பலன் சொல்ல வேண்டாம். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டரில் 15 மைக்ரோகிராம் நுண்துகளுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 60. எங்கள் நுரையீரல் நாலு மடங்கு கெட்டி என்ற உங்கள் நம்பிக்கைக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. ஜோடியை வாழ்த்துவதற்காகப் பதிவு கேட்கவில்லை. மண் லாரிக்குத் தார்ப்பாய், தோண்டிய இடத்தில் தண்ணீர், குப்பை எரிப்புக்குத் தடை என்று பிரித்துவைக்கும் வழியெல்லாம் உங்கள் விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் கல்யாணம் நடந்ததையே ஒப்புக்கொள்ளாதவரிடம் விவாகரத்து கேட்க முடியாதே. பதிவை முடித்துக் கொடுங்கள். அடுத்த மனு தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
இருமலுடன்,
காட்டுப்பாக்கத்தான்.

நகல்: பொது சுகாதாரத் துறை, தேனாம்பேட்டை (பெண் வீட்டார்).