ஒன்பது மணி வெடி ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம்

தேசியச் செய்தித் தொலைக்காட்சி நிர்வாகத்தார் சமூகத்திற்கு,

சிவகாசி பட்டாசு ஆபீஸ் போர்மேன் ஒருவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உங்கள் நலம் விசாரிக்கத் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கு உங்கள் தொண்டை நலமாக இருப்பது தெருமுனை வரை கேட்கிறது. இந்தி புரியாதவர்களுக்கும் சத்தம் புரிகிறது.

ஒரே தொழில்காரர்கள் என்ற உரிமையில் எழுதுகிறேன். எங்களூரில் பட்டாசு செய்யும் இடத்தை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். நாங்கள் காகிதக் குழாயில் மருந்து செலுத்தித் திரி வைக்கிறோம். நீங்கள் ஆட்களை உட்காரவைத்து, மதம் கொஞ்சம், பக்கத்து நாடு கொஞ்சம் செலுத்தி, திரியையும் நீங்களே கொளுத்திவிடுகிறீர்கள். ஒரே வித்தியாசம், எங்களுக்கு நாக்பூர் வெடிபொருள் துறையின் லைசென்ஸ் வேண்டும்.

விதிகளையும் கேளுங்கள். நாலு மீட்டர் தள்ளி அளந்தால் வெடிச் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் திரையிலோ எட்டுக் கட்டம், எட்டிலும் ஆள், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வெடிக்கிறார்கள். எங்கள் அறையாக இருந்தால் அன்றே சீல் வைத்திருப்பார்கள். கலந்த மருந்தை நாங்கள் மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. நீங்கள் போன வாரத்து மருந்தை இன்றைக்கும் இடிக்கிறீர்கள்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு எட்டு முதல் பத்து வரைதான் வெடிக்கலாம் என்றது. சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்டது. அதே எட்டு முதல் பத்து உங்களுக்கு வருஷம் முழுக்கத் தீபாவளி. சரம் சரமாய் வெடித்தாலும் கேட்பாரில்லை.

விபத்து என்றால் எங்களில் முதலில் உள்ளே போவது போர்மேன். உங்களை விசாரிக்க நீங்களே வைத்துக்கொண்ட அமைப்பு போடும் அபராதமோ 2023இல் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாயாக இருந்தது. இது போதுமா என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. அந்தக் கேள்வியை வைத்து எந்த விவாதத்தில் எட்டுப் பேர் வெடித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் உங்களிடம் தொழில் கற்க வேண்டும். பாகிஸ்தானோடு மோதல் நடந்த 2025 மே 8 இரவு, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டதாகப் பல சானல்கள் முழங்கின. விடிந்து பார்த்தால் துறைமுகம் போட்டது போட்டபடி இருந்தது. மருந்தே இல்லாமல் வெடிக்கும் வெடி! இத்தனை தலைமுறையாக முயன்றும் எங்களுக்கு அது கைகூடவில்லை.

அந்த நாட்களில் சண்டைக் காட்சிகளுக்குப் பின்னணியாகச் சைரனும் போட்டீர்கள். அரசே குறுக்கிட்டு, நிகழ்ச்சிகளில் சைரன் ஒலிக்கவேண்டாம், நிஜ ஆபத்தில் ஜனங்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று சொல்லவேண்டி வந்தது. எங்களூரில் அந்த அலட்சியம் வராது. சத்தம் கேட்டதும் என் மனைவி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஏற்கெனவே நாலைந்து பெண்கள். எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "எந்த ஆபீஸ்?"

டி.வி. என்று தெரிந்து திரும்பி வந்தாள். மிச்சச் சோற்றைச் சாப்பிடவில்லை.

இரண்டு மாதத்துக்குள், ஜூலை 1 அன்று, சின்னக்காமன்பட்டியில் ஒரு பட்டாசு ஆபீஸ் வெடித்து, நிஜமாகவே சைரன் ஒலித்தது. பல உயிர்கள் போயின. அன்றிரவும் உங்கள் கட்டங்களில் எட்டுப் பேர் இருந்தார்கள். நாங்கள் அவர்கள் காலடியில் ஒரு வரியாக ஓடிக்கொண்டிருந்தோம்.

ஆகவே ஐயா, வெடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சைரனை மட்டும் எங்களுக்கு விட்டுத்தாருங்கள்.

இப்படிக்கு,
லைசென்ஸ் உள்ள ஒரு வெடிக்காரன்

பி.கு.: ஒவ்வொரு பட்டாசுப் பெட்டியிலும் எச்சரிக்கை அச்சிடுகிறோம். எங்களூரில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. உங்களுக்கும் லேபிள் அடித்துத் தருகிறோம்: 'கொளுத்தியபின் தள்ளி நிற்கவும். வெடிக்காததைக் கையில் எடுத்து மறுபடி கொளுத்தாதீர்கள்.'