கால்சியம் மச்சினர்

எங்கள் ஏரியா போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து பக்கெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஷவரில் பாதித் துளை அடைத்துவிட்டது. மீதித் துளைகள் சுவரைக் குளிப்பாட்டுகின்றன. என் தலைமுடி கொட்டியதற்கும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி வந்தேன். அப்பாவின் கல்யாணப் போட்டோ பரணிலிருந்து இறங்கியதும் அந்த வாதம் எடுபடாமல் போயிற்று.

ஆகவே சாஃப்ட்னர் வந்தது. உள்ளே பொடிப்பொடியாக, தேன் நிறத்தில் ரெசின் மணிகள். "இது எப்படி வேலை செய்யுது?" என்று பிளஸ் ஒன் படிக்கும் மகளிடம் கேட்டுத் தொலைத்தேன்.

சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். கூட்டிக் கழித்தால் சுமை பூஜ்யம். வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானை அது கொடுத்துவிட்டால் பிளஸ் ஒன்று. அதுதான் சோடியம் அயனி.

"இழந்தா எப்படிம்மா பிளஸ்?" என்றேன். மாதாமாதம் சம்பளத்தை இழந்தும் பிளஸ் பக்கமே போகாதவனுடைய ஆதங்கம் அது.

"எலக்ட்ரான் மைனஸ்பா. மைனஸைக் குடுத்தா பிளஸ்தானே."

"அப்ப உங்கப்பாவை முதல்ல அந்த ஓட்டை ஸ்கூட்டரைக் குடுக்கச் சொல்லு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

கால்சியம் இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்த ஆள். சுமை பிளஸ் இரண்டு. சோப்பைத் திரிய வைப்பது இதுவும் மக்னீசியமும்தான். ரெசின் மணியில் இருப்பது அசையாத எதிர்ச்சுமை. அதில் சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். கால்சியம் வந்தால் ரெசின் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கும். ஒரு கால்சியம் உள்ளே, இரண்டு சோடியம் வெளியே.

இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஊரிலிருந்து மச்சினர் வந்தால் எங்கள் வீட்டில் நடப்பது இதுவேதான். அவர் ஒருவர் கட்டில் அறைக்குள் நுழைந்தால், நானும் மகனும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வருவோம். கணக்கு அணுவளவும் பிசகாது. ரெசின் நிரம்பியதும் உப்பைக் கரைத்து விடவேண்டும். சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைக் கிளப்பிவிடும். என் பக்கத்துச் சொந்தமெல்லாம் ஒரு காதுகுத்துக்கு வந்து இறங்கியபோதுதான் மச்சினரும் பஸ் ஏறினார்.

உப்பு தண்ணீரில் கரைந்தவுடன் மின்சுமை தாங்கிய அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று 1884-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தார் ஸ்வான்டே அரேனியஸ். ஏதோ பிழைத்துப் போகட்டும் என்கிற மாதிரிதான் மதிப்பெண் போட்டார்கள். 1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வேதியியலில் என் மதிப்பெண்ணும் அந்த ரகம்தான். மிச்சக் கதைதான் இன்னும் நடக்கவில்லை.

பிறகு ஒரு டி.டி.எஸ். மீட்டரும் வாங்கினேன். சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண். நியாயம்தான்: அயனிகள் ஆள் மாறினவே தவிர சுமை குறையவில்லை. எடை பார்த்தால் ஒரு கால்சியத்தின் 40 போய் இரண்டு சோடியத்தின் 46 வந்திருக்கிறது. அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் பாய்வதை. அதற்கு அயனி வேண்டும். சர்க்கரை மூலக்கூறாகவே கரையும், சுமை கிடையாது. சோதிக்க, ஆர்.ஓ. தண்ணீரில் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். எண் நகரவே இல்லை.

"பாரு, சர்க்கரையே இல்லை" என்று டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். மனைவி அலமாரியைத் திறந்து, விரலைக் குத்துகிற அந்த இன்னொரு மீட்டரை எடுத்து வந்தாள்.