ஆல் பாஸ்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை யாரும் ஃபெயிலாக முடியாது. ஆசைப்பட்டாலும் முடியாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அப்படி. 2019-இல் அதைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவிப்பும் வந்தது. 2020 பிப்ரவரியில் ரத்தானது. இந்த வரலாறு எட்டாம் வகுப்புக்குத் தலைகீழ்ப் பாடம். சிப்பாய்க் கலகம் எந்த ஆண்டு என்று கேட்டால்தான் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

ஆகவே முழு ஆண்டுத் தேர்வு நெருங்கினால் வயிற்றில் புளி கரைவது ஆசிரியர்களான எங்களுக்குத்தான்.

மற்ற நாட்களும் சும்மா போவதில்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்கு வந்துவிட்ட ஒருவன் புதன்கிழமை பொங்கல் வாசத்துக்கு, “சார், என்னை மறுபடி அஞ்சாவதுல போடுங்க” என்று மனுக் கொடுத்தான். வருகைப் பதிவு செல்போன் செயலியில் ஏறவேண்டும். சிக்னலோ கொடிமேடையில் மட்டும் கிடைக்கும். காலையில் நாங்கள் கொடிக்கம்பத்தடியில் கைபேசியை உயர்த்தி நிற்பதைப் பார்த்த ஊர்க்காரர்கள், தேசபக்தியில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். மத்தியானம் சத்துணவு முட்டை. “சார், இவன் முட்டை என் முட்டையைவிடப் பெரிசு” என்ற வழக்குக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு இருந்ததில்லை.

ஆண்டு விழா வந்தால் பாடவேளை என்பதே போய்விடும். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் சினிமாப் பாட்டை முதலில் எச்.எம். கேட்டாக வேண்டும். கண்ணை மூடிக் கேட்பார். ஆட்சேபகரமான வரிகளை வெட்டச் சொல்வார். வெட்டியபின் மிஞ்சுவது உடுக்கைச் சத்தம் மட்டும். அதற்கும் பிள்ளைகள் ஆடிவிடுகிறார்கள். கட்டபொம்மனுக்கு மீசை ஒட்டும் பொறுப்பு அறிவியல் டீச்சருக்கு. “வரி, வட்டி, கிஸ்தி” என்று முழங்கும்போது மீசை வெள்ளைக்காரத் துரையின் தோளில் போய் ஒட்டிக்கொண்டது. துரை அதைப் பணிவோடு எடுத்துத் திருப்பிக் கொடுத்தான். அரங்கத்தில் அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

பரிசு என்றால் டிபன் பாக்ஸ். ஓட்டம், பேச்சு, கோலம் எதிலும் வாங்காதவனுக்கு என்ன கொடுப்பது? “நாள் தவறாமல் வந்தவர்” என்று ஒரு பரிசு வைத்தோம். அதை வாங்கவேண்டியவன் அன்றைக்கு வரவில்லை.

தேர்வு முடிந்த கடைசி நாள், மைத்திருநாள். வெள்ளைச் சட்டையோடு வந்தவன் நீலச் சட்டையோடு வீட்டுக்குப் போவான். மறுநாள் அவன் அம்மா வந்து, சட்டையை எங்களிடம் விரித்துக் காட்டுவார்.

பிறகு டி.சி. அங்க அடையாளத்துக்கு ஒரு மச்சம் வேண்டும். ஒருவனுக்கு முழங்கை, கழுத்து, கணுக்கால் என்று தேடி, கடைசியில் எங்கள் மாமரத்திலிருந்து விழுந்த தழும்பையே எழுதினோம். ‘நடத்தை’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கும். ஜன்னல் கம்பியை வளைத்தவன், மணியைப் பத்து நிமிஷம் முன்னதாக அடித்தவன், எல்லாருக்கும் ‘நன்று’தான். டி.சி.யை வாங்கிய கையோடு அந்தத் தழும்புக்காரன் கேட்டான்: “சார், ஒன்பதாவதையும் இங்கயே ஆரம்பிச்சா என்ன?” தரம் உயர்த்த அரசாணை வரவேண்டும் என்று விளக்கினேன். “நீங்க எழுதிப் போடுங்க சார், நான் வெயிட் பண்றேன்” என்றான். அவனுக்கு ‘மிக நன்று’ என்று எழுதியிருக்கலாம்.

இனிமேல்தான் எங்கள் பரீட்சை. ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்க, சித்திரை வெயிலில் நோட்டீஸோடு வீடு வீடாக ஏறுகிறோம். தனியார் பள்ளி வேன் எங்களுக்கு முன்னாலேயே அந்தத் தெருவைச் சுற்றிப் போயிருக்கும். உங்கள் வாசலுக்கும் வருவோம். ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். முடிந்தால் பிள்ளையையும் கொடுங்கள். எட்டாவது வரை பாஸுக்கு நாங்கள் உத்தரவாதம்.