போனஸ்_ஓல்டு_நியூ

ராஜபாளையத்து மில் ஆபீஸ்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மொத்த வியாபாரிகளின் பின்கட்டிலும் ஒரு ரக மனிதர் உண்டு. பதவி என்னவோ அக்கவுண்ட்ஸ் உதவியாளர். எல்லாரும் கூப்பிடுவது 'கம்ப்யூட்டர் சார்'. டேட்டாபேஸில் எந்த டேபிளையும் அவர் அழிக்க மாட்டார். 'போனஸ்' இருக்கும், பக்கத்தில் 'போனஸ்_ஓல்டு', அதற்கும் பக்கத்தில் 'போனஸ்_ஓல்டு_நியூ'. "எடுத்துரலாமா சார்?" என்று புதிதாக வந்த பையன் கேட்டால், "கிடக்கட்டும் தம்பி, அது என்ன சோறா கேக்குது?" என்பார்.

பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறார்கள். என் கட்சி வேறு: அழிக்கும் வேலையை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் இவர்தான். போனஸ் டேபிளை மாசக்கணக்கில் யாரும் திறப்பதில்லை. தீபாவளி நெருங்கினால் மில்லே அதைச் சுற்றி நிற்கும். நிலையில் சும்மா நிற்கிறதே என்று ஆண்டாள் பெரிய தேரை யாரும் விறகுக்குப் போடுவதில்லை, ஆடிப்பூரம் வரும். "ஃபாரின் கீ இருந்தா டேட்டாபேஸே தடுத்துருமே" என்பான் பையன். தடுக்கும், கீ போட்டிருந்தால். பழைய பே-ரோலில் பாதி உறவுகள் அதை எழுதினவர் மண்டையில்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிளை அழிக்கும் 'டிராப்' கட்டளையோடு 'கேஸ்கேட்' என்று ஒரு சொல் சேர்த்தால் அந்தத் தடையும் கழன்று, டேபிளை நம்பியிருந்த வியூக்களும் கூடவே போகும், பி.எஃப். ரிப்போர்ட்டைக் காணோம் என்பது பணம் கட்டும் பதினைந்தாம் தேதிதான் தெரியவரும். மைஎஸ்க்யூஎல்லில் டிராப் கொடுத்தபின் ரோல்பேக்கும் கிடையாது. பேக்கப் இருக்கிறதே என்றால், 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்திலும் ஏட்டளவில் பல வகை பேக்கப் இருந்தது. ஒரு என்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்தபோது அவற்றில் எதுவும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

இடத்தை அடைக்கிறது என்ற புகாரைத் தள்ளுங்கள். ஒரு மில்லின் சம்பளக் கணக்கு என்ன இடம் பிடித்துவிடும்? ஆனால் மூன்று போனஸில் எது நிஜம் என்று ஆடிட்டர் கேட்கும்போது சார் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவாரே, அந்தக் குறையை நானும் மறைக்கவில்லை. முறைப்படி அழிப்பதென்றால் முதலில் பேரை மாற்ற வேண்டும்; எந்த செக்‌ஷனிலிருந்தாவது அலறல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்; மார்ச் 31 கணக்கு முடிப்பும் ஒரு தீபாவளியும் தாண்ட வேண்டும்; டம்ப் எடுத்து, அதை வேறு மெஷினில் ஏற்றித் திறந்து பார்த்த பிறகே டிராப். சார் முதல் படியைப் பல தடவை முடித்துவிட்டார், மீதிக்குத்தான் காலண்டரில் தேதி குறிக்கவில்லை. பையனிடம் விட்டால் இன்று மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவான். அதனால்தான் பாஸ்வேர்டு சாரிடம் இருக்கிறது.