மாமா எத்தனை நாள் தங்கலாம்?

பெறுநர்: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சிங்கப்பூர்
பொருள்: புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் உரிமமின்றி இயங்கும் குடும்ப விடுதிகள்

குடும்ப விடுதி என்பது, வீட்டுக்காரர் தாமும் குடியிருந்துகொண்டு, மிஞ்சிய அறையில் வெளியாளைத் தங்கவைத்து, காலையில் பசியாறக் கொடுத்து, அதற்குக் காசு வாங்குவது. இந்தியச் சுற்றுலா அமைச்சு இதற்கெனத் திட்டமே வைத்திருக்கிறது: 6 அறைக்கு மேல் கூடாது, உரிமையாளர் அங்கேயே வசிக்க வேண்டும், வசதியைப் பொறுத்துத் தங்கம் அல்லது வெள்ளித் தரம். சிங்கப்பூரின் கழக வீடுகளில் இந்தத் தொழிலுக்கு இடமில்லை. அறையை வாடகைக்கு விட்டால் குறைந்தது 6 மாதம் விட வேண்டும். தனியார் வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் தாராளம். நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் அதை 3 மாதமாகக் குறைத்தது. அதற்கும் குறைவாக விட்ட இருவர் 2018இல் ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் கட்டினார்கள். விதியைத் தளர்த்தலாமா என்று ஆணையம் பொதுமக்களைக் கேட்டும் பார்த்தது. 2019 மே மாதம், வேண்டாம் என்று முடிவாயிற்று. முன்பின் தெரியாதவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து போனால் அக்கம்பக்கத்தார் நிம்மதி கெடும் என்ற கவலை நியாயமானதுதான்.

ஆனால் முன்பின் தெரிந்தவர்களைப் பற்றி எந்த விதியும் வாய் திறக்கவில்லை. நான்கறை வீட்டிலும் அதைவிடப் பெரியதிலும் உறவில்லாதவர்கள் தங்க 6 பேர் என்றிருந்த வரம்பு, 2024 ஜனவரியில் தற்காலிகமாக 8 ஆயிற்று. உறவுள்ளவர்களுக்கு எண்ணிக்கையும் இல்லை, மாதக்கணக்கும் இல்லை. புக்கிட் பாத்தோக்கின் தமிழ்க் குடும்ப விடுதிகள் அத்தனையும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

இவ்விடுதிகளின் வாடிக்கையாளர் திருச்சி விமானத்தில் வரும் மாமா. முன்பதிவு கிடையாது, டிக்கெட் எடுத்த பிறகே தகவல் வரும். பிள்ளைகளின் அறை காலிசெய்யப்படும். பிள்ளைகள் கூடத்தில், சோபாவை ஓரங்கட்டி விரித்த மெத்தையில். விடுதி நிறைந்துவிட்டது என்று பலகை மாட்டத் தேவையில்லை. எட்டாவது மாடிச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் எட்டு முழ வேட்டி காய்ந்தால், ஆள் வந்தாயிற்று என்று கீழே காப்பிக்கடை வரைக்கும் தெரிந்துவிடும். காலையில் பசியாறக் காப்பிக்கடைப் பரோட்டா வாங்கிக் கொடுக்கலாம் என்பது விடுதியாளரின் ஆசை. அது மூன்றாம் நாளோடு சரி. நான்காம் நாள் மாமாவின் வயிறு இட்லி கேட்கும், மாவரைக்கும் இயந்திரம் இரவு பத்து மணிக்கு ஓடும். அக்கம்பக்கத்தார் நிம்மதி என்ற தலைப்பில் கழகம் இதையும் ஆராயலாம்.

கட்டணம் பணமாக வாங்கப்படுவதில்லை. வந்த அன்றே பெட்டி திறக்கப்பட்டு, தரையில் பரப்பப்படுகிறது: கைமுறுக்கு, அதிரசம், மாவடு, ஈராண்டுக்கு வரும் சாம்பார்ப் பொடி, மூத்தவளுக்கு ஒரு பட்டுப்பாவாடை, அதுவும் அவள் போன தடவை இருந்த அளவுக்கு. ஒரு கிலோ கைமுறுக்கு வாடகைக் கணக்கில் வருமா, வந்தால் எத்தனை கிலோவுக்கு மேல் அனுமதி பெற வேண்டும் என்பதைக் கழகம் தெளிவுபடுத்த வேண்டும்.

விடுதி என்றால் சுற்றிப் பார்க்க இடமும் வேண்டும். புக்கிட் பாத்தோக்கில் அதற்குக் குறைவில்லை. கைவிடப்பட்ட கருங்கல் குவாரியில் நீர் நின்று, செங்குத்தான பாறைகள் சீனத்துக் குய்லின் மலைகளை நினைவூட்டுவதால் ‘சின்ன குய்லின்’ என்று பெயர் பெற்ற பூங்கா இருக்கிறது. இன்னொரு பழைய குவாரி 1988இல் இயற்கைப் பூங்காவானது. அங்கே மலையுச்சிக்கு 120 படிகள் ஏறுகின்றன. 1942இல் ஜப்பானியர் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளைக் கொண்டு கட்டிய போர் நினைவுச்சின்னத்துக்கான படிகள் அவை; சின்னம் போய்விட்டது, உச்சியில் இப்போது நிற்பது ஒலிபரப்புக் கோபுரம். பக்கத்திலேயே பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்த இடம்.

விருந்தினர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், பிறகு முஸ்தஃபா கடைக்கு எப்போது போகலாம் என்பார். ஆகவே விடுதியின் சுற்றுலா எப்போதும் லிட்டில் இந்தியாவில்தான் முடிகிறது. வீரமாகாளியம்மன் தரிசனம், தேக்காவில் சாப்பாடு, ஊர்முழுக்கக் கொடுக்கக் கோடாலித் தைலம். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம் பறந்து வந்தவர், திருச்சியைப் போலவே இருக்கிறது என்று மனநிறைவோடு திரும்புவார்.

திரும்புவதுதான் சிக்கல். எப்போது கிளம்புகிறீர்கள் என்று மாமாவைக் கேட்க எந்தத் தமிழ் வீட்டிலும் ஆள் இல்லை. கேட்கும் ஒரே அமைப்பு குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். இந்தியக் கடப்பிதழுக்கு வழக்கமாக 30 நாள் வரை தருகிறது. 30 நாள் என்பது மாவரைப்பவர்களைக் கலந்துபேசாமல் எடுத்த முடிவு. ஜொகூர் உறவினர் விஷயத்திலோ அந்தக் கெடுவாலும் பயனில்லை. பாலத்தைத் தாண்டி அடுத்த சனிக்கிழமையே வந்துவிடுவார்.

எனவே, வாடகைதாரருக்கு 6 மாதக் கீழ்வரம்பு வைத்த கழகம், உறவினருக்கு இரண்டு வார மேல்வரம்பு ஒன்றை விரைந்து அறிவிக்குமாறு இவ்விடுதிகள் கேட்டுக்கொள்கின்றன. அபராதம் எதுவும் தேவையில்லை. கழகத்தின் முத்திரை இருந்தால் போதும். அறிவிப்பு கட்டாயம் தமிழிலும் இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மின்தூக்கிக்குப் பக்கத்தில் மாமாவின் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். யார் கேட்டு வைத்தது என்பதை மட்டும் தயவுசெய்து குறிப்பிட வேண்டாம்.