நாலரை மணிச் சின்னத் திருத்தம்

கேள்வி: நாங்கள் ஆறு பேர் டிசைன் வேலை செய்கிறோம். ரொறன்ரோவில் இருவர், லண்டனில் ஒருவர், மீதிப் பேர் இங்கே. வாட்ஸ்அப் ஓயாமல் கத்துகிறது. அவசர வேலை முழுக்க என் தலையில்தான் விழுகிறது. வழி சொல்லுங்கள்.
– வாசகி, செங்கலடி

பதில்: ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஆள் பேசும் வழிகள் 15. பேச ஆள் கூடினால் வேலை பிந்தும் என்று கணினி வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவைத்தார். அப்போது வாட்ஸ்அப்கூட இல்லை, பாவம். குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே பின்னேரம் ஆறுக்கு ஒருவர் கேட்கும் "சின்னத் திருத்தம்" செங்கலடிக்கு விடிய நாலரைக்கு வந்து சேரும். அந்த நேரம் சேவலுக்கே சந்தேகம்!

வழி உங்கள் ஊர் வயல் வட்டையிலேயே இருக்கிறது. பெரும்போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் வைத்து, எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது என்று எழுதிவைக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். மேல்வயல்காரர் வாய்க்காலை மறித்தால், தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டைவிதானை கேட்பார். உங்கள் குழுவுக்கு வட்டைவிதானை யார்? இல்லையென்றால் மாதம் ஒருவராக முறை வையுங்கள். வேலையெல்லாம் ஒரே பட்டியலில், பெயரும் தவணையும் போட்டு இருக்கட்டும். திருத்தத்தை ஃபிக்மாவில் அந்தப் படத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள், குரல் பதிவில் அல்ல. உங்கள் பெயருக்கு நேரே மட்டும் பட்டியல் நீண்டால் அதை எல்லாரும் பார்க்கட்டும். அழுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

ரொறன்ரோக்காரர் கோபித்தால் இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அவருக்கு நாலரை ஆகும்போது.